புதிய தொழில்நுட்பம் வரும்போது பிராண்டையும் பணிநேரத்தையும் கையாளும் முறை

சந்தைப்படுத்தல் பாடம் நடத்துபவர்களிடம், படிப்பை முடித்துப் பணிக்குச் சென்ற மாணவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. புதிதாக ஒரு சமூக ஊடகமோ, செயலியோ, செயற்கை நுண்ணறிவுக் கருவியோ வந்திருக்கிறது. போட்டியாளர்கள் அதில் இறங்கிவிட்டார்கள். நாமும் இறங்க வேண்டாமா என்று மேலதிகாரி கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவியின் பெயர் மட்டும் மாறுகிறது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

புதிய கருவிக்குச் செலவாகும் பணத்தை எல்லா நிறுவனங்களும் கணக்கிடுகின்றன. அதைத் தொடர்ந்து இயக்குவதற்கு ஊழியர்கள் தர வேண்டிய நேரத்தையும், அதற்கு ஏற்றவாறு பிராண்டில் செய்யப்படும் சிறுசிறு மாற்றங்களையும் யாரும் எழுதி வைப்பதில்லை. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பே இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுவதுதான் இங்கு நான் பரிந்துரைக்கும் முறை. பக்கம் ஒன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கூட்டத்தில் யாரும் படிக்கப்போவதில்லை.

எதைத் தொடக்கூடாது என்பதில் தொடங்குங்கள்

பிராண்ட் இருக்கும் இடம் வாங்குபவரின் நினைவு. நிறுவனத்தின் கணினியில் உள்ள வடிவமைப்புக் கோப்பு, அந்த நினைவைத் தூண்டும் குறிகளின் தொகுப்பே ஆகும். பிரிட்டனில் வணிகக்குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1876 சனவரி 1 அன்று முதலாவதாகப் பதிவானது பாஸ் என்னும் பீர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். அந்த முக்கோணம் பீரின் சுவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பல குப்பிகளுக்கு நடுவே தன் குப்பி எது என்பதைக் காட்டியது. குறியின் முதல் வேலை இன்றும் அதுவாகவே இருக்கிறது. பொருள் பொதிந்த குறி வேண்டும் என்று கூட்டங்களில் மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இந்த எளிய வேலையை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே உங்கள் பிராண்டுக்கு உரிய பெயர், நிறம், வடிவம், எழுத்துரு, ஒலி, வழக்கமான வாசகம், பொதியின் தோற்றம் ஆகிய எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். பிறகு பெயரை மறைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக மக்களிடம் காட்டி, இது யாருடையது என்று மட்டும் கேளுங்கள். உங்கள் ஊழியர்களிடமோ, உங்களை விட்டுப் பிரியாத வாடிக்கையாளர்களிடமோ கேட்பதில் பயனில்லை. எப்போதாவது வாங்குபவர்களும், இந்த வகைப் பொருளை வாங்கியும் உங்களுடையதை வாங்காதவர்களும்தான் இதற்குத் தகுந்தவர்கள். ஐம்பது பேரிடம் கேட்டாலே போக்கு ஓரளவு விளங்கிவிடும். பெரும்பாலோர் சரியாகச் சொன்ன குறிகள் தொடக்கூடாதவை. பலர் போட்டியாளரின் பெயரைச் சொல்லும் குறிகள் உங்கள் பணத்தில் அவருக்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கின்றன, அவற்றைக் கைவிடலாம். மற்றவற்றை மாற்றினாலும் பெரிய இழப்பில்லை.

இந்தப் பட்டியல் இல்லாமல் புதிய தொழில்நுட்பத்துக்குள் நுழைவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் பிராண்டிடம் ஒன்றைக் கேட்கிறது: செயலியின் சின்னஞ்சிறு சதுரம் நீண்ட பெயரை ஏற்காது; குரல்வழி உதவிக் கருவியில் நிறத்துக்கு இடமில்லை, பெயர் காதில் தெளிவாக விழ வேண்டும்; கைப்பேசிக்கான குறுங்காணொளியில் முதல் சில நொடிகளுக்குள் குறி தோன்றாவிட்டால் பார்ப்பவர் அடுத்ததற்குப் போய்விடுவார். தொடக்கூடாதவற்றுள் ஒன்றுகூட அந்த இடத்தில் பிழைக்காது என்றால், அங்கு நீங்கள் செய்யப்போகும் விளம்பரம் யாருடையது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே மேலதிகாரியிடம் வேண்டாம் என்று சொல்லலாம்.

2009 தொடக்கத்தில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு தன் பொதியின் தோற்றத்தை மாற்றியது. உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழத்தின் படம் நீங்கி, அங்கே ஒரு கண்ணாடிக் குவளை வந்தது. இரண்டு மாதங்களுக்குள் விற்பனை ஏறக்குறைய 20 விழுக்காடு சரிந்தது. நிறுவனம் பழைய பொதிக்கே திரும்பியது. சாறு மாறவில்லை, விலை மாறவில்லை. அலமாரியைப் பார்த்து நொடியில் கை நீட்டுபவருக்கு அது கண்ணில் படாமல் போனது. 1985இல் கோக்கக்கோலா தன் பானத்தின் சுவையையே மாற்றியபோது, அதற்கு முன் சுமார் 2,00,000 பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தது. புதிய சுவையே அதில் முன்னணியில் இருந்தது. ஏப்ரலில் அறிமுகமான புதிய பானத்துக்கு எழுந்த எதிர்ப்பினால் சூலையில் பழைய பானம் திரும்பி வந்தது. எது சுவையாக இருக்கிறது என்று கேட்டார்களே தவிர, பழையதை உங்களிடமிருந்து எடுத்துவிட்டால் என்ன நினைப்பீர்கள் என்று போதிய அளவில் கேட்கவில்லை. தரவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்காத கேள்விக்கு அது பதில் தராது.

பிராண்டை மாற்றத் துடிப்பவர்கள் பெரும்பாலும் நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கிறார்கள். தினமும் அதே நிறத்தைப் பார்ப்பவருக்கு அது அலுத்துப்போகிறது. ஆண்டில் சில முறை மட்டும் பார்க்கும் வாங்குபவருக்கு அது இப்போதுதான் மனத்தில் பதியத் தொடங்கியிருக்கும். புதிதாகப் பொறுப்பேற்றவர் தம் வருகையை அறிவிக்க இலச்சினையை மாற்றும் வழக்கத்துக்கு எதிராக ஒரு பட்டியலை விடச் சிறந்த காவல் எதையும் நான் அறியேன்.

கருவி எந்த வேலையின் எந்தக் கட்டத்தில் நுழைகிறது?

பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றை, மேலாண்மை படிக்கும் எவரும் ஒருமுறையாவது புரட்ட வேண்டும் என்பது என் எண்ணம். மின் நிலையங்கள் 1880களிலேயே இயங்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் மின்சாரத்தால் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது 1920களில்தான். இடைப்பட்ட காலத்தில் பல ஆலைகள் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்து, ஆலை முழுவதற்கும் ஆற்றலைக் கடத்தும் அதே தண்டுகளையும் பட்டைகளையும் சுழற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, ஆலையின் அமைப்பையே பணியின் வரிசைக்கு ஏற்ப மாற்றிய பிறகுதான் முழுப் பலன் கிடைத்தது.

இன்று சந்தைப்படுத்தல் துறைகள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் விதத்தில் அதே காட்சியைக் காண்கிறோம். விளம்பர வாசகத்தின் முதல் வரைவு முன்பு ஒரு நாள் எடுத்தது. இப்போது சில நிமிடங்களில் இருபது வரைவுகள் கிடைக்கின்றன. ஆனால் ஒப்புதல் தர வேண்டியவர்கள் அதே ஐந்து பேர், அவர்கள் கூடுவது அதே வியாழக்கிழமை. ஒரு வரைவைப் படித்துவந்தவர்கள் இனி இருபதைப் படிக்க வேண்டும். எழுதுபவரின் வேலை குறைந்து, சரிபார்ப்பவரின் வேலை பல மடங்கு ஆகிறது. மொத்தத்தில் விளம்பரம் முன்பைவிடத் தாமதமாகவே வெளியாகிறது.

இதைத் தவிர்க்க, கருவியை வாங்கும் முன்பே ஒரு வேலையின் பாதையை வரைந்து பாருங்கள். அண்மையில் முடிந்த ஏதேனும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்; கோரிக்கை வந்த நாள் முதல் வெளியான நாள் வரை அது யார் யார் கையில் இருந்தது, ஒவ்வொருவரும் அதற்காக உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், அது எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று மின்னஞ்சல்களின் தேதிகளைப் பார்த்தே எழுதிவிடலாம். பெரும்பாலும் உழைப்பு சில மணி நேரமாகவும் காத்திருப்பு பல நாள்களாகவும் இருப்பதைக் காண்பீர்கள். உழைப்பைக் குறைக்கும் கருவி அங்கே சில மணி நேரத்தை மிச்சப்படுத்தும். காத்திருப்பைக் குறைக்க ஒப்புதல் முறையைத்தான் மாற்ற வேண்டும், அதற்குக் கருவியே தேவைப்படாமலும் போகலாம்.

எழுதும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அவை ஏற்கெனவே எழுதப்பட்ட ஏராளமான உரைகளிலிருந்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்பதைக் கற்றுக்கொண்டவை. ஆகையால் சும்மா கேட்டால் பலரும் எழுதக்கூடிய வாசகத்தையே தருகின்றன. உங்கள் போட்டியாளரும் அதே கருவியிடம் அதே கேள்வியைக் கேட்கிறார். தனித்துத் தெரிவதற்காகவே இருக்கும் பிராண்டுக்கு, எல்லோருக்கும் பொதுவான நடை பெரும் இழப்பு. எனவே நூற்றுக்கணக்கான புகார்களைப் பிரித்துத் தொகுப்பது, கூட்டக் குறிப்புகளைச் சுருக்குவது, ஒரே செய்தியைப் பல அளவுகளுக்கு வெட்டுவது, நீங்கள் எழுதியதில் விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்டுவது ஆகியவற்றுக்கு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிராண்டின் குரல் ஒலிக்க வேண்டிய வரிகளை மனிதரிடமே விடுங்கள். இல்லாத தகவலையும் அவை உறுதியான தொனியில் எழுதிவிடும் என்பதால், வெளியாகும் ஒவ்வொரு உரைக்கும் பொறுப்பேற்றுத் தம் பெயரை இடும் ஒருவர் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்களை, நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு உட்படாத கருவியில் ஒருபோதும் இடாதீர்கள்.

கூட்டத்துக்காக எழுதும் அந்த ஒரு பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் விடுங்கள். புதிய வேலையைச் செய்யப்போகிறவர் எந்தப் பழைய வேலையை விடப்போகிறார் என்பது முதல் வரி. எந்த நிலை வந்தால் இந்த முயற்சியை நிறுத்துவோம் என்பது இரண்டாவது. முதல் வரி காலியாக இருந்தால், அந்த நேரம் யாரோ ஒருவரின் மாலைப்பொழுதிலிருந்துதான் வரும். இரண்டாவது வரியை முன்கூட்டியே எழுதாவிட்டால் முயற்சி நிற்காது; தொடங்கியவரின் மானம் அதில் சிக்கிக்கொள்ளும்.

பிறர் கையில் உள்ள இடங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கூகுள் பிளஸ் என்னும் சமூக ஊடகம் 2011இல் தொடங்கி 2019இல் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. குறுங்காணொளிகளுக்கான வைன் 2013இல் வந்து 2017இல் நின்றது. அவற்றில் பின்தொடர்வோரைச் சேர்க்கப் பல நிறுவனங்கள் செலவிட்ட உழைப்பு அவற்றோடே போனது. மூடப்படாத தளங்களிலும் விதிகள் ஒரே நாளில் மாறும்: 2021 ஏப்ரலில், பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தபோது, அந்தத் தரவை நம்பி விளம்பரம் செய்துவந்தவர்கள் தடுமாறினார்கள். எனவே எந்தத் தளத்தில் இறங்கினாலும், வாடிக்கையாளர் தாமாக முன்வந்து, எதற்காக என்று தெரிந்து கொடுத்த தொடர்பு விவரங்களின் பட்டியல் ஒன்று உங்களிடமே வளர்ந்துவர வேண்டும். ஒப்புதல் கிடைத்த தேதியையும் அதில் குறித்து வையுங்கள். பின்னாளில் கேள்வி எழுந்தால் அதுவே ஆதாரம்.

அளவீட்டை அதன் இடத்தில் வையுங்கள்

கிளிக் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது. அது நடந்ததற்கான காரணம் தெரிவதில்லை. இதை மிகத் தெளிவாகக் காட்டியது, இணையவழி விற்பனைத் தளமான ஈபே நிறுவனத்தில் நடந்த சோதனை. தேடுபொறியில் அந்நிறுவனத்தின் பெயரையே தேடுபவர்களுக்குக் காட்டப்பட்ட விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோரும், விளம்பரத்துக்குக் கீழே இலவசமாகத் தோன்றிய முடிவைச் சொடுக்கி உள்ளே வந்துவிட்டார்கள். எப்படியும் வரப்போகிறவர்களுக்காகவே நிறுவனம் பணம் கட்டிவந்திருந்தது. 2015இல் வெளியான இந்த ஆய்வின் மற்றொரு பகுதி, பொதுவான சொற்களுக்கான விளம்பரங்கள் புதியவர்களிடமும் அரிதாக வருபவர்களிடமும் ஓரளவு பலன் தந்ததையும், செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே அடிக்கடி வாங்குபவர்கள் மீதே போனதையும் காட்டியது. அறிக்கைகளில் அந்த விளம்பரங்களெல்லாம் வெற்றியாகவே தெரிந்திருக்கும்.

அதே சோதனையைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். நீங்கள் விற்கும் பகுதிகளை முந்தைய விற்பனையின் அடிப்படையில் இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் எதில் விளம்பரத்தை நிறுத்துவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே நன்றாக விற்கும் பகுதிகளுக்குக் கை தானாகவே போகும். சில வாரங்கள் கழித்து இரு பக்கத்து விற்பனையையும் ஒப்பிடுங்கள். பண்டிகை, விலைக்குறைப்பு, சரக்குத் தட்டுப்பாடு போன்றவை நடுவில் வந்தால் சோதனையை மீண்டும் நடத்துங்கள். வியாபாரம் இதற்குப் போதாத அளவு சிறியதென்றால், புதிதாக வருபவரிடம் எங்களை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைப்பது துல்லியமற்ற வழிதான்; ஆனாலும் ஒன்றும் கேட்காமல் இருப்பதைவிட மேல்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். ஓர் அளவீடு இலக்காக அறிவிக்கப்பட்டவுடன் அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்னும் கருத்து, 1975இல் அதைப் பணக்கொள்கை குறித்து எழுப்பிய பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. பின்தொடர்வோர் எண்ணிக்கையை ஊழியரின் ஊதிய உயர்வோடு இணைத்துப் பாருங்கள். எண்ணிக்கை உயரும், வாங்குபவர்கள் அதிகரிக்க மாட்டார்கள். பல்கலைக்கழகங்களில் கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரத் தொடங்கிய பின் கட்டுரைகள் பெருகியதை அருகிலிருந்து பார்த்துவருபவன் என்ற முறையில், இதில் எனக்கு ஐயமில்லை.

மற்றோர் எச்சரிக்கை, திரும்பத் திரும்ப வாங்குபவருக்குச் சலுகை தரும் விசுவாசத் திட்டங்களையும் அவற்றுக்கான செயலிகளையும் பற்றியது. சிறிய பிராண்டுகளை வாங்குபவர்கள் குறைவு. அப்படி வாங்குபவர்களும் பெரிய பிராண்டின் வாடிக்கையாளரைவிடச் சற்றுக் குறைவாகவே திரும்பி வருகிறார்கள். சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஆண்ட்ரூ எரன்பெர்க்கும் அவர் வழி வந்தோரும் பலவகைப் பொருள்களில் திரும்பத் திரும்பக் கண்ட ஒழுங்கு இது. அதனால் இருப்பவரையே இறுகப் பிடித்து வளர்ந்துவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வளர்ச்சி பெரும்பாலும் இதுவரை வாங்காதவர்களிடமிருந்தே வருகிறது. பிராண்டை நினைவில் பதிக்கும் விளம்பரத்தின் பலன் மெதுவாகவே சேர்வதால், அதை வாராந்தர அறிக்கையால் அளந்தால் ஒவ்வொரு வாரமும் அது தோற்றதாகவே தெரியும்.

பணிநேரம்

தகவல் பெருகும் இடத்தில் கவனம் அருகிப்போகும் என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971இலேயே சுட்டிக்காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும், அதனால் அடுத்த வேலை கெடுகிறது என்பதையும் மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சந்தைப்படுத்தல் பணியில் இருப்பவரின் நாள், இத்தகைய தாவல்களுக்கென்றே வடிவமைத்ததுபோல் இருக்கிறது: விளம்பர எண்கள், வாடிக்கையாளர் கருத்துகள், குழுச் செய்திகள், ஒப்புதல் கோரிக்கைகள் யாவும் ஒரே திரையில் ஒளிர்கின்றன.

தனிமனித ஒழுக்கத்தால் இதைச் சரிசெய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. மற்றவர்கள் உடனே பதில் தரும் அலுவலகத்தில் நீங்கள் மட்டும் அறிவிப்பொலியை அணைத்துவைத்தால், பொறுப்பில்லாதவர் என்ற பெயர்தான் கிடைக்கும். ஆகவே குழுவாகச் சேர்ந்து விதி செய்யுங்கள். வாடிக்கையாளரின் கருத்துகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்றைய முறைக்குரியவர் மட்டும் திரையைப் பார்க்கட்டும், மற்றவர்கள் அதைத் திறக்க வேண்டியதில்லை. விளம்பர எண்களைத் தினமும் பார்ப்பது, அன்றே அவற்றை மாற்றும் அதிகாரம் உள்ளவருக்கு மட்டுமே பயன்படும். ஏனையோருக்கு மாதம் ஒருமுறை போதும். உள் செய்திகளுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்பதை எழுத்தில் வைத்து, அந்த நேரம் முடியும் முன் பதில் கேட்டு யாரையும் நினைவூட்டித் தொல்லை செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி இருக்கிறது. பிரான்சில் 2017 சனவரி முதல், குறைந்தது 50 பேர் பணிபுரியும் நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டமே வந்தது. அத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் துறைத்தலைவரின் ஒரு சுற்றறிக்கை அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும். அவரே நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தால் சுற்றறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

தனிமனிதரும் ஒரு பிராண்ட் ஆக வேண்டும் என்னும் அறிவுரையை இளையவர்கள் இப்போது மிகுதியாகக் கேட்கிறார்கள். தினமும் ஏதேனும் பதிவிட்டுக் கொண்டிருப்பவர், ஒரு நிறுவனம் தன் பிராண்டுக்குச் செய்யத் துணியாததைத் தமக்குச் செய்துகொள்கிறார்: எதற்காக நினைவில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யாமலேயே இடைவிடாது விளம்பரம் செய்கிறார். எந்தவகைச் சிக்கல் வந்தால் மற்றவர்கள் உங்களை நினைக்க வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வகையில் நீங்கள் முடித்த ஒரு வேலையை, எதிர்கொண்ட தடைகளோடும் எடுத்த முடிவுகளின் காரணங்களோடும், ஆண்டில் சில முறை விரிவாக எழுதி வெளியிடுங்கள். நிறுவனத்தின் இரகசியம் எதுவும் அதில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேலைக்கு ஆள் தேடுபவருக்கு நூறு பொன்மொழிகளைவிட அத்தகைய ஒரு கட்டுரை அதிகம் சொல்லும்.

மறுபார்வையும் மூடுதலும்

மூன்று மாதங்கள் கழித்து அந்த ஒரு பக்கத்தை மீண்டும் கூட்டத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். தொடக்கூடாத குறிகளில் எதுவும் சத்தமின்றி மாறியிருக்கிறதா, விடுவதாகச் சொன்ன பழைய வேலை உண்மையிலேயே விடப்பட்டதா, நிறுத்துவதற்காக எழுதிய நிலை வந்துவிட்டதா என்ற வரிசையில் பாருங்கள். வந்துவிட்டிருந்தால், இன்னும் ஒரு காலாண்டு பொறுத்துப் பார்ப்போம் என்று யாரேனும் சொல்வார். அந்த ஒரு பக்கத்தில் எழுதியிருப்பதை எது மாற்றியது என்று அவர் காட்டினால் ஒழிய அதை ஏற்காதீர்கள்.

மூடுவதையும் முறையாகச் செய்யுங்கள். பதிவிடாமல் விடப்பட்ட கணக்கில்தான் வாடிக்கையாளர் புகாரை எழுதிவிட்டுப் பல வாரங்கள் காத்திருப்பார். மூடும் தேதியையும், இனி எங்கே தொடர்புகொள்ளலாம் என்பதையும் அங்கேயே முன்கூட்டி அறிவித்து, அதையே பக்கத்தின் உச்சியில் நிலையாக வையுங்கள். வேண்டிய பதிவுகளையும் உரையாடல்களையும் தரவிறக்கிச் சேமியுங்கள். கையிலிருக்கத் தேவையற்ற தனிப்பட்ட விவரங்களை அழித்துவிடுங்கள். இணையதளம், பொதி, விளம்பரத் தாள், மின்னஞ்சல் அடிக்குறிப்பு ஆகியவற்றில் உள்ள பழைய இணைப்புகளைத் தேடி நீக்குங்கள். தளம் அனுமதித்தால், பிறர் உங்கள் பெயரில் புகுந்துவிடாதபடி பெயரை மட்டும் உங்கள் வசமே வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை ஊழியர் ஒருவரின் தனிக்கணக்கிலிருந்து நிறுவனத்தின் பொறுப்புக்கு மாற்றுங்கள்.